சார்ந்து இயங்கும் நிரல்கள்

முன்னுரை

தமிழிலக்கணம் எழுத்துகளை முதலெழுத்து, சார்பெழுத்து என இருவகைப்படுத்தும். குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றையும் சார்ந்து வருவனவாகத் தொல்காப்பியர் காட்டுவார். கணிப்பொறி உலகிலும் சார்பு உண்டு. ஒரு மென்பொருள் தன் பணி அனைத்தையும் தானே செய்வதில்லை. பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளைத் துணைக்கொள்கிறது. இவற்றைச் சார்புத் தொகுப்புகள் எனலாம். இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள், புதிதாக நிறுவப்பட்ட தொகுப்பை எவ்வாறு அறிகிறது என்பதைப் பைத்தான் மொழிவழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேடும் முறை

கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட இம்மொழியில், 'இம்போர்ட்' என்னும் கட்டளையால் தொகுப்பை அழைக்கிறோம். மொழி முதலில் நாடுவது நினைவகத்தையே. முன்னரே ஏற்றப்பட்டவை 'சிஸ்.மாடியூல்ஸ்' என்னும் பட்டியலில் உள்ளன. பெயர் அங்கிருப்பின் அதுவே தரப்படும். வட்டில் நிகழ்ந்த மாற்றம் பார்க்கப்படுவதில்லை. இல்லையாயின், 'சிஸ்.பாத்' குறிக்கும் கோப்புறைகள் வரிசையாகத் தேடப்படும்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பு முதல், கோப்புறையின் உள்ளடக்கம் ஒருமுறை படிக்கப்பட்டு நினைவில் வைக்கப்படுகிறது. கோப்புறையின் திருத்த நேரம் மாறினால்தான் மீண்டும் படிக்கப்படும். அந்நேரக் கணக்கு நுண்மையற்றதாயின், படித்த அதே நொடியில் நிறுவப்பட்ட தொகுப்பு புலப்படாது போகலாம். ஆகவே, நிறுவியபின் 'இம்போர்ட்லிப்' தொகுப்பிலுள்ள 'இன்வேலிடேட் கேஷஸ்' என்னும் செயற்கூற்றை அழைத்துப் பழைய பட்டியலைக் களைதல் வேண்டும்.

இருவேறு விடைகள்

2019இல் வந்த 3.8ஆம் பதிப்பின் 'இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா', நிறுவப்பட்ட தொகுப்பின் பதிப்பெண்ணைக் கூறும். ஆயின் அது கூறுவது வட்டில் உள்ளதை. இயங்குவதோ நினைவகத்தில் உள்ளது. 1ஆம் பதிப்பை ஏற்றிய மென்பொருள் ஓடும்போதே 2ஆம் பதிப்பை நிறுவினால், கேள்விக்கு விடை '2' என வரும். வேலை செய்வது '1' ஆகவே இருக்கும். 'ரீலோட்' என்னும் மறு ஏற்றமும் முழுத்தீர்வன்று. முன்னர் உருவான பொருள்கள் பழைய நிரலையே பற்றி நிற்கும்.

இவ்வேறுபாடு பிற மொழிகளுக்கும் பொது. 2021 டிசம்பரில், ஜாவா மொழியின் லாக்4ஜே தொகுப்பில் பெருங்குறை வெளிப்பட்டது. திருத்திய தொகுப்பை வட்டில் வைத்தால் மட்டும் காப்பு கிட்டாது. ஓடும் மென்பொருளை நிறுத்தி மீண்டும் தொடங்கினால்தான் திருத்தம் நடைமுறைக்கு வரும்.

முடிவுரை

எனவே, தொகுப்பை ஏற்றும்போதே அதன் பதிப்பெண்ணைக் குறித்துக்கொள்க. இடையிடையே வட்டிலுள்ள எண்ணுடன் ஒப்பிடுக. வேறுபடின், மீண்டும் தொடங்குமாறு பொறுப்பாளர்க்கு அறிவிக்கச் செய்க. மக்களின் கணக்கும் குறிப்பும் மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நிறுவுதல் வேறு, நடைமுறைக்கு வருதல் வேறு என்பதை உணர்ந்து அதனைக் காத்தல் நிரலாளர் கடனாகும்.