காலில்லாத பறவையா? – சொர்க்கப் பறவைகள் ஓர் அறிமுகம்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவர்)



இந்த மலருக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பைச் சொன்னதும், "சிவில் படிக்கிற பையன் சிமெண்டைப் பற்றி எழுதாமல் பறவையைப் பற்றியா எழுதுவது?" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். சிமெண்டைப் பற்றித்தான் வாரம் முழுக்கப் படிக்கிறோமே! தவிர, இந்தப் பறவைகளின் கதையில் ஒரு சர்வேயர் வருகிறார். பிளான், எலிவேஷன் வருகிறது. நம் வயதை ஒட்டிய ஒரு பையனும் வருகிறான். ஆகவே பக்கத்தைப் புரட்டிவிடாமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1. பெயர் வந்த கதை

மெகல்லன் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட கப்பல்களில் 'விக்டோரியா' ஒன்றுதான் சுற்றி முடித்து 1522-ல் ஸ்பெயின் வந்து சேர்ந்தது. இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளில் ஒன்றான பக்கானின் அரசர், ஸ்பெயின் மன்னருக்கென்று கொடுத்தனுப்பிய பறவைத் தோல்களும் அதில் இருந்தன. பிற்பாடு வியாபாரிகள் மூலமாக நிறையத் தோல்கள் ஐரோப்பாவுக்குப் போயின. பதப்படுத்தும்போது காலை வெட்டிவிடுவது அந்தத் தீவுகளில் வழக்கம். காலில்லாத தோலைப் பார்த்த ஐரோப்பியர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? இந்தப் பறவைக்குக் காலே கிடையாது, மரத்தில் உட்காராமல் வானத்திலேயே மிதந்துகொண்டு பனித்துளியைக் குடித்து வாழ்கிறது, செத்தால்தான் பூமிக்கு வரும் என்றெல்லாம் நம்பினார்கள். 'சொர்க்கப் பறவை' என்ற பெயர் இப்படித்தான் நிலைத்தது.

1758-ல் லின்னேயஸ் இவற்றில் பெரிய இனத்துக்கு 'பாரடிசியா அபோடா' என்று பெயர் வைத்தார். 'அபோடா' என்றால் 'காலில்லாதது' என்று அர்த்தம். அந்தப் பறவைக்கு நல்ல உறுதியான இரண்டு கால்கள் உண்டு. ஆனாலும் விஞ்ஞானப் பெயர் இன்றைக்கும் அதுவேதான். அந்தப் பறவையை வேட்டையாடிய ஆரு தீவு ஜனங்களுக்கு அதற்குக் கால் உண்டு என்பது தெரியாதா என்ன? அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2. எந்தக் குடும்பம்?

சொர்க்கப் பறவைகள் 'பாரடிசெய்டே' என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் வீட்டுக் குருவியும் காக்கையும் இருக்கிற அதே 'பாசெரிபார்மிஸ்' வரிசைதான் இவற்றுக்கும். அதிலும் காக்கைக்குக் கொஞ்சம் நெருங்கின சொந்தம். மதில்மேல் கரைகிற காக்கைக்கு இப்படிப்பட்ட பங்காளிகளா என்று ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா?

இன்றைய கணக்கில் சுமார் 45 இனங்கள். பிரிக்கிற நிபுணரைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும். பெரும்பாலானவை நியூகினித் தீவிலும் அதை ஒட்டிய சிறு தீவுகளிலும் வாழ்கின்றன. சில இனங்கள் வடக்கு மலுக்கு தீவுகளிலும், சில ஆஸ்திரேலியாவின் கிழக்குக் காடுகளிலும் உண்டு.

நமக்குப் புரிகிற மாதிரி இவற்றை இரண்டு பிரிவாகச் சொல்லலாம்:

அ) மானுகோடுகளும் அவற்றின் நெருங்கிய உறவுகளும்: பெரும்பாலும் கறுப்பும் நீலமும் கலந்த மினுமினுப்பு. ஆண், பெண் பார்க்க ஒரே மாதிரி. மானுகோடுகளில் ஆணும் பெண்ணும் ஜோடியாகக் குடும்பம் நடத்தும். எக்காள மானுகோடு என்ற இனத்தின் ஆணுக்கு மூச்சுக்குழல் நீளமாக வளர்ந்து, மார்புத் தோலுக்கு அடியில் வட்டவட்டமாகச் சுருண்டு கிடக்கும். சின்ன உடம்பிலிருந்து கனமான குரல் வருவது இதனால்தான்.

ஆ) மற்றவை: ஆணுக்கு மட்டும் அலங்காரம். பெண் பழுப்பு நிறத்தில் சாதாரணமாக இருக்கும். ஆண் பல பெண்களுடன் சேரும்; குடும்பப் பொறுப்பு ஒன்றும் கிடையாது.

தோற்றத்தை வைத்துச் செய்த வகைப்பாடு பல இடங்களில் தவறிப்போயிருக்கிறது. அந்தக் காலத்தில் புது இனங்கள் என்று பெயர் பெற்ற பல தோல்கள், இரண்டு இனங்கள் கலந்து பிறந்த கலப்புப் பறவைகள்தான் என்று 1930-ல் ஸ்ட்ரெஸ்மான் என்ற ஜெர்மன் அறிஞர் எடுத்துக்காட்டினார். மக்கிரெகர் சொர்க்கப் பறவை என்று சொல்லப்பட்டது உண்மையில் தேன்குடிப் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது 2000-ல் வெளியான மரபணு ஆராய்ச்சியில் தெரிந்தது. சாட்டின் பறவைகள் என்ற கூட்டமும் இதே குடும்பத்திலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. நம் ஊர்ப்பக்கம் தோப்புகளில் வெள்ளை ரிப்பன் போன்ற நீண்ட வாலுடன் பறக்கிற அரசவால் ஈப்பிடிப்பானுக்கும் ஆங்கிலப் பெயரில் 'பாரடைஸ்' இருக்கிறது. பெயரைப் பார்த்து அதுவும் இந்தக் குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் குடும்பமே வேறு.

3. காதல் ஆட்டங்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெண்ணின் சம்மதத்தைப் பெற ஆண் பறவைகள் படுகிற பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

கூட்டாட்டம்: பெரிய சொர்க்கப் பறவை, ராகியானா போன்ற இனங்களில் பல ஆண்கள் ஒரே மரத்தில் கூடும். உரக்கக் கூவி, இறக்கையைத் தூக்கி, விலாப்புறத்துச் சிறகுகளை நீரூற்றுப் போல விரித்து ஆடும். பெண் வந்து பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் ஓரிரு ஆண்களுக்கே வாய்ப்பு. மற்றவை ஆடிவிட்டுப் போகவேண்டியதுதான்.

மேடை ஆட்டம்: பரோட்டியா என்ற இனத்தின் தலையில் கம்பி போன்ற ஆறு இறகுகள் இருக்கும். ஆண் முதலில் காட்டுத் தரையில் சருகு, குச்சி எல்லாம் பொறுக்கி இடத்தைச் சுத்தம் செய்யும். (நம் ஹாஸ்டல் நண்பர்கள் கவனிக்கவும்!) பிறகு இறகுகளைப் பாவாடை போல வட்டமாக விரித்து, தலையை ஆட்டி நடனமாடும். தரையில் நின்று பார்க்கும் நமக்கு இது பாவாடை. ஆனால் பெண் பறவை உட்காருவது மேலே உள்ள கிளையில். மேலிருந்து காமிராவில் படமெடுத்துப் பார்த்தபோது தெரிந்த காட்சியே வேறு: கறுப்பு வட்டம், அதன் நடுவே மின்னி மின்னி மறைகிற தலை இறகும் மார்புக் கவசமும். டிராயிங் ஹாலில் நாம் படிப்பதுதான். எலிவேஷனை மட்டும் பார்த்தால் கட்டடம் புரியாது, பிளானையும் பார்க்கணும். ஆட்டம் யாருக்காகவோ, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால்தான் அதன் அர்த்தம் விளங்குகிறது.

உருமாற்றம்: சூப்பர்ப் என்ற இனத்தின் ஆண், கழுத்துக்குப் பின்னால் உள்ள இறகுகளைக் குடை போலத் தூக்கிக்கொண்டால் பறவை உருவமே மறைந்துபோகும். கரிய முட்டை வடிவமும் அதில் நீலப்பச்சையாகச் சுடர்விடும் பட்டையும்தான் தெரியும். அதோடு பெண்ணைச் சுற்றிச் சுற்றிக் குதிக்கும். நியூகினியின் மேற்குக் கோடியில் வாழும் கூட்டம் மட்டும் குதிக்காமல், பிறை வடிவம் காட்டி, பக்கவாட்டில் வழுக்கிச் செல்வது போல் ஆடுகிறது. மரபணுவும் வேறாக இருக்கவே, அது தனி இனம் என்பதற்கு இந்த ஆட்டமும் சாட்சி என்று 2018-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. நடனத்தை வைத்து வகைப்பாடு! தோலை மட்டும் பார்த்தவர்களால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

தலைகீழ் ஆட்டம்: நீலச் சொர்க்கப் பறவை கிளையில் தலைகீழாகத் தொங்கி, டிரான்ஸ்பார்மர் ரீங்காரம் போல ஒரு சத்தம் எழுப்பும். பன்னிரு கம்பிப் பறவையோ தன் பின்புறமுள்ள கம்பி இறகுகளால் பெண்ணின் முகத்தை வருடும். சாக்சனி மன்னர் பறவைக்கு உடம்பைப் போல இரண்டு மடங்கு நீளமான, சுமார் அரை மீட்டர் வரும் இரண்டு தலை இறகுகள்.

கறுப்பின் ரகசியம்: சில இனங்களின் கறுப்பு சாதாரணக் கறுப்பு அல்ல. தன்மேல் விழும் ஒளியில் 99.95 சதவீதம் வரை விழுங்கிவிடும் என்று 2018-ல் அளந்து சொன்னார்கள். காரணம் சாயம் மட்டும் அல்ல. இறகின் நுண்ணிய கிளைகள் தட்டையாக இல்லாமல் மேல்நோக்கி வளைந்து, முள் முள்ளாக நிற்கின்றன. உள்ளே போன ஒளி திரும்பத் திரும்ப மோதி அங்கேயே அடங்கிவிடுகிறது. மைக்ராஸ்கோப்பில் வைக்க அந்த இறகுக்குத் தங்கப் பூச்சு கொடுத்தபோதும் அது கறுப்பாகவே தெரிந்ததாம்! இந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் நீலமும் பச்சையும் விளக்கு எரிவது போல் தெரிகிறது.

4. ஏன் இந்த ஆடம்பரம்?

நியூகினிக் காடுகளில் பழத்துக்குக் குறைவில்லை. புலி, பூனை, குரங்கு போன்றவை அங்கே இயற்கையாகக் கிடையாது. ஆகவே பெண் ஒன்றே கூடு கட்டி, அடைகாத்து, குஞ்சு வளர்த்துவிட முடிகிறது. ஆணுக்கு வேலை மிச்சம். எந்த ஆண் வேண்டும் என்று முடிவு செய்வது பெண். தலைமுறை தலைமுறையாக எந்த அலங்காரத்தைப் பெண்கள் விரும்பினவோ அது வளர்ந்துகொண்டே வந்தது. இதைத்தான் டார்வின் 1871-ல் பால்வழித் தேர்வு என்று விளக்கினார்.

ஆணுக்கும் இது சும்மா வந்துவிடுவதில்லை. பல இனங்களில் முழு இறகு முளைக்கச் சில வருஷங்கள் ஆகும். அதுவரை பார்க்கப் பெண் போலவே இருக்கும் இளம் ஆண்கள், பெரியவை ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத் தாங்களும் ஆடிப் பழகுகின்றன. அப்ரண்டிஸ் காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

5. சர்வேயரும் அலியும்

இந்தப் பறவைகளைக் காட்டிலேயே போய்ப் பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஆல்பிரட் ரஸல் வாலஸ். 1823-ல் பிறந்த அவருக்குக் கல்லூரிப் படிப்பு கிடையாது. குடும்பக் கஷ்டத்தால் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டு, அண்ணனிடம் நில அளவை கற்றுக்கொண்டு சர்வேயர் ஆனார். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் சுற்றினார். 1857-ல் ஆரு தீவுகளில், உள்ளூர் வேட்டைக்காரர்கள் மரக்கிளையில் ஓலைக் குடிசை கட்டி மறைந்திருந்து, ரத்தக்கறை படாமலிருக்க மொட்டை அம்பால் இந்தப் பறவைகளை அடிப்பதைப் பற்றிக் குறித்து வைத்தார்.

1858-ல் பக்கான் தீவில் ஒரு புது இனம் கிடைத்தது. தோளிலிருந்து கொடி போல வெள்ளை இறகுகள் நீட்டிக்கொண்டிருக்கும் பறவை. அடுத்த வருஷமே அதற்கு 'செமியாப்டெரா வாலசி' என்று வாலஸின் பெயரைச் சூட்டினார்கள். ஆனால் அதை முதலில் சுட்டுக் கொண்டுவந்தது வாலஸ் இல்லை. அலி என்ற மலாய் இளைஞன். வாலஸிடம் உதவியாளாக வேலைக்குச் சேர்ந்து, தோல் உரிக்கவும் பதப்படுத்தவும் கற்றுத் தேர்ந்தவன். இந்த விவரம் நமக்குத் தெரிவதே வாலஸ் தன் புத்தகத்தில் நேர்மையாக எழுதி வைத்ததால்தான்.

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கட்டின கட்டடங்கள் எங்கள் டவுனில் எத்தனையோ உண்டு. அதில் பதித்திருக்கிற கல்வெட்டுகளில் திறந்தவர் பெயர் இருக்கும், கட்டினவர் பெயர் இருக்காது. அப்பாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "சுவர் தூக்குக்குண்டுக்கு நின்னாப் போதும்டா" என்பார். எனக்கு வருத்தம் உண்டு. அதனால்தான் அலியின் பெயரை இங்கே எழுதுகிறேன்.

6. இறகுக்கு வந்த வினை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பியில் இந்த இறகுகளைச் செருகுவது நாகரிகமானது. ஆயிரக்கணக்கில் பறவைகள் கொல்லப்பட்டன. அமெரிக்கா 1913-லும் பிரிட்டன் 1921-லும் காட்டுப் பறவை இறகு இறக்குமதிக்குத் தடை போட்ட பிறகுதான் அந்த வியாபாரம் படுத்தது. இன்றைக்கு முக்கிய ஆபத்து காடழிப்பு. ஆடுவதற்குக் கிளையும் தின்பதற்குப் பழமும் இல்லாவிட்டால் எந்த அலங்காரம் இருந்து என்ன பயன்?

பாப்புவா நியூகினியின் கொடியில் பறப்பது ராகியானா சொர்க்கப் பறவை. 1971-ல் ஏற்கப்பட்ட அந்தக் கொடியை வரைந்தவர் சூசன் கரிகே என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவி.

நண்பர்களே, நாளைக்கு நாம் சைட்டுக்குப் போவோம். ரோடு போட, அணை கட்ட, காட்டை அளக்க நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அளக்கிற இடத்தில் என்ன மரம் இருக்கிறது, எது வந்து உட்காருகிறது என்று அந்த ஊர் ஆட்களிடம் முதலில் கேட்போம். அவர்களுக்குக் கால் இருப்பது தெரியும். அப்புறம், பீல்டு புக்கில் தேதி, இடம், நம் பெயர் எழுதுகிறோம் இல்லையா? கீழே செயின் பிடித்தவர் பெயரையும் ஒரு வரி எழுதி வைப்போம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.