நடு வயதில் கணவனும் மனைவியும்

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது எங்களிற் பலர் மணமாகிச் சில ஆண்டுகளே ஆனவர்கள். கோணப்புலம் போன்ற முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் இருந்தபடியே நடு வயதைக் கடந்தோம். இன்று எங்கள் பிள்ளைகள் அந்த வயதில் நிற்கிறார்கள். ஆகவே நாங்கள் கண்டதைச் சொல்லுகிறோம்.

தோட்டம் தந்த பேச்சு

செம்மண் தோட்டத்தில் ஒருவர் இறைப்பு இயந்திரத்தைப் பார்க்க, மற்றவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிடுவோம். வெங்காயம் கிண்டும் நாள், புகையிலை விலை, அடுத்த போகத்துக்கு விதை என்று பேச எப்போதும் ஏதாவது இருந்தது.

தோட்டம் போனபின் பேச்சும் குறைந்தது. மனைவி பிறர் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினாள். நல்ல கமக்காரன் என்று பெயரெடுத்த கணவன் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றான். அவனுடைய வெட்கம் கோபமாக வெளிவந்தது. அவளுடைய களைப்பு மௌனமாயிற்று. பிள்ளைகள் மணமாகிப் போனபின் கொட்டிலில் இருவர் மட்டும் மிஞ்சினோம். அன்பு போய்விட்டது என்று நினைத்தோம். போனது அன்பல்ல, சேர்ந்து செய்த வேலையே.

வேதத்தில் ஒரு தம்பதி

அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கிலவுதியுராயன் யூதரை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவுக்கு வந்தார்கள். அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. அங்கே கூடாரம் செய்து பிழைத்தார்கள், பவுலுக்கும் இடங்கொடுத்தார்கள். வேதத்தில் இவர்களுடைய பெயர்கள் எங்கும் சேர்ந்தே வருகின்றன.

நாம் செய்யக்கூடியவை

1. இரவல் வளவில் பத்துக் கத்தரிக் கன்றானாலும் இருவருமாக நட்டுப் பராமரியுங்கள்.

2. யார் உழைத்த பணமானாலும் வாரத்தில் ஒரு நாள் இருவரும் இருந்து கணக்குப் பாருங்கள்.

3. காணி விடுபட்டாலும், இன்னும் விடுபடாதிருந்தாலும், அதைப்பற்றி இருவரும் பேசி முடிவெடுங்கள். தேசவழமைப்படி சீதனக் காணி மனைவியுடையது. அதை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மணவாழ்வில் தேடிய தேட்டத்தைப்பற்றியும் இருவரும் பேசுங்கள். உறுதி எங்கே, எல்லை எது என்பதை இருவருமே அறிந்திருக்க வேண்டும்.

கலந்துரையாட

அ. சென்ற வாரம் நீங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை எது?

ஆ. உங்கள் துணையின் கோபத்துக்கோ மௌனத்துக்கோ பின்னால் இருப்பது என்ன? அதைக் கேட்டிருக்கிறீர்களா?

இ. உங்கள் காணிபற்றிய முடிவுகளை இதுவரை யார் எடுத்தார்கள்?