பழைய கட்டர் பாரை டிராக்டரில் மாட்டும்போது

சாந்திபுரம், குப்பம் பக்கம் மாட்டுத் தீவனம் அறுக்க ஆள் கிடைப்பது பெரும்பாடு. கொட்டகையில் கிடக்கும் பழைய கட்டர் பாரை டிராக்டரில் மாட்டிக்கொள்ளலாம். சமதரையில் நிறுத்தி முதலில் இடது லிங்க், அடுத்து வலது, கடைசியில் டாப் லிங்க். பக்கச் செயினை இறுக்குங்கள். பி.டி.ஓ. ஷாஃப்ட்டை மாட்டியதும், அது சுற்றாத நிலையில் மெஷினை மெல்லத் தூக்கி இறக்குங்கள். ஷாஃப்ட்டின் உள்குழாய் முட்டினாலும் கழன்றாலும் அதன் நீளம் சரியில்லை.

பாரின் வெளிமுனை அடிக்குக் கால் அங்குலம் வீதம் முன்தள்ளி நிற்கட்டும். 5 அடிப் பாருக்கு ஒன்றேகால் அங்குலம். அறுக்கும்போது புல் பின்னுக்குத் தள்ள, பார் நேராகிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். வீச்சு முடியும் இடத்தில் ஒவ்வொரு பிளேடும் பாரிலுள்ள இரும்பு விரலின் நடுவில் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் புல்லை அறுக்காது, மென்று துப்பும். அதன்பிறகே பி.டி.ஓ.வை நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில் ஓட்டுங்கள்.

புல் அடைத்தால் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். கட்டையால் தள்ளுங்கள், கையை விடாதீர்கள். ஷாஃப்ட்டுக்கு மூடி இல்லையென்றால் ஓட்டவே வேண்டாம். வேட்டி நுனியோ முந்தானையோ சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். முதலில் மூடியை வாங்கிப் போடுங்கள்.