மேசை ரம்பத்தின் ஃபென்ஸில் டி-ட்ராக் பொருத்தும் முறை

மேசை ரம்பத்தில் மரத்தை அழுத்திப் பிடிக்கும் பொறுப்பைக் கையிடமிருந்து கருவிக்கு மாற்றி, விரல்களைப் பிளேடிலிருந்து விலக்கி வைப்பதே டி-ட்ராக்கின் தலையாய பயன். குறுகிய வாயும் அகன்ற உட்பகுதியும் கொண்ட இந்த அலுமினியத் தடத்தினுள் போல்ட்டின் தலை சுழலாமல் வழுக்கிச் செல்லும். வேண்டிய இடத்தில் குமிழைத் திருகினால் துணைக்கருவி அங்கேயே இறுகி நிற்கும். மரத்தை நேராக நகர்த்த உதவும் பக்கத் தடுப்பான ஃபென்ஸில் நேரடியாகத் துளையிடுவதைவிட, அதன் முகத்தில் ஒரு துணைப்பலகையை அமைத்து அதில் தடத்தைப் பதிப்பதே நல்லது; பலகை தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

1. பொருள்களைத் தெரிவு செய்தல்

19 மி.மீ. அகலமும் ஏறத்தாழ 9.5 மி.மீ. தடிமனும் உள்ள தடம் இவ்வேலைக்கு ஏற்றது. போல்ட்டுகளைத் தடத்துடனேயே வாங்கி, அவை தடையின்றி நகர்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். துணைப்பலகைக்கு, வளைவற்ற 25 மி.மீ. ஒட்டுப்பலகையை ஃபென்ஸின் நீளத்திற்கும் 120 மி.மீ. உயரத்திற்கும் அறுத்துக்கொள்ளலாம்.

2. காடி எடுத்தல்

காடியின் நடுக்கோடு பலகையின் அடிவிளிம்பிலிருந்து 90 மி.மீ. உயரத்தில் அமைந்தால், மேலே ஏறத்தாழ 20 மி.மீ. மரம் எஞ்சி விளிம்பு பிளவாமல் காக்கும். ரம்பத்தின் மின்இணைப்பைத் துண்டித்த பிறகே பிளேடின் உயரத்தை 10 மி.மீ. அளவுக்கு அமைக்க வேண்டும். தடம் பலகையின் முகத்தைவிட அரை மி.மீ. தாழ்ந்து அமைவதற்காகவே இக்கூடுதல் ஆழம், ஏனெனில் தடத்தின் விளிம்பு துருத்தினால் நகரும் மரம் அதில் தட்டி விலகும். பலகையின் முகத்தை மேசையில் கவிழ்த்து, 3 மி.மீ. வெட்டு அகலமுள்ள பிளேடினால் ஃபென்ஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஏழு முறை அறுத்தால் 19 மி.மீ. காடி கிடைக்கும், முதலில் கழிவு மரத்தில் சோதிப்பது அவசியம். இவ்வகை ஆழம் குறைந்த அறுப்பில் பிளேடின் மேல்மூடியைத் தற்காலிகமாகக் கழற்ற நேர்வதால், தள்ளுகட்டைகளைக் கொண்டே மரத்தை நகர்த்த வேண்டும்; வேலை முடிந்ததும் மூடியை உடனே மாட்டிவிட வேண்டும்.

3. தடத்தைப் பதித்தல்

அலுமினியத்தை இரும்பறுக்கும் ரம்பத்தால் அளவாக வெட்டி, முனைகளின் பிசிறுகளை அரத்தால் நீக்க வேண்டும். 100 முதல் 150 மி.மீ. இடைவெளியில் துளையிட்டு, திருகாணித் தலைகள் தடத்தின் அடித்தளத்தினுள் அமிழும்படி குழியைச் சரிவாக விரிவாக்க வேண்டும். தலை மேலெழுந்தால் போல்ட் அங்கே நின்றுவிடும். காடிக்குக் கீழே 15 மி.மீ. மரமே எஞ்சுவதால் 12 மி.மீ. திருகாணி போதும்.

4. ஃபென்ஸில் அமைத்தல்

ஃபென்ஸின் பின்புறத்திலிருந்து துணைப்பலகைக்குள் திருகாணிகளைச் செலுத்தினால் முகப்பில் உலோகம் தலைகாட்டாது. அவை காடியைத் தொடாத இடங்களில், பலகையின் முகத்தை எட்டாத நீளத்தில் அமைய வேண்டும். பலகை மேசைக்குச் செங்குத்தாக நிற்பதை மூலமட்டத்தாலும், மேசையின் வழிகாட்டிக் காடிக்கு இணையாக அமைந்திருப்பதை முன், பின் ஆகிய இரு முனைகளிலும் அளந்தும் உறுதி செய்த பின், 25 மி.மீ. தடிமனுக்கு ஏற்ப ஃபென்ஸின் அளவுகோலையும் திருத்த வேண்டும்.

5. துணைக்கருவிகளைப் பயன்படுத்துதல்

சீப்பின் பற்களைப் போல அறுக்கப்பட்டு, மரத்தை முன்னே செல்லவிட்டுப் பின்னே வராமல் தடுக்கும் ஃபெதர்போர்டைத் தடத்தில் மாட்டினால், மரம் மேலெழாமல் மேசையோடு ஒட்டி நகரும். குறுக்காக அறுக்கும்போது நீளத்தை நிலைநிறுத்தத் தடத்தில் கட்டையை மாட்டுவோர், பிளேடைத் தொடும் முன்பே மரம் அக்கட்டையை விட்டு விலகும்படி அதை இயக்குபவரின் பக்கமாக வைக்க வேண்டும்; இல்லாவிடில் அறுபட்ட துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் இடையே சிக்கி, இயக்குபவரை நோக்கி எறியப்படும் ஆபத்து உண்டு.

இறுதியாக, ஒரு கழிவுப் பலகையை நீளவாக்கில் அறுத்து அதன் இரு முனைகளின் அகலத்தையும் ஒப்பிட வேண்டும்; இரண்டும் சமமாக இருந்தால், புதிய முகம் நேராக நிற்கிறது என்று நம்பி அடுத்த வேலையைத் தொடங்கலாம்.