தூண்டில்காரர் கையில் ஆறு

கேள்வி: ஆற்றின் மீன்பிடி உரிமையைத் தூண்டில்காரர்களிடமே விட்டுவிட்டால் மீன் மிஞ்சுமா?

பதில்: மிஞ்சும், எந்த மீன் என்பதுதான் சிக்கல். கர்நாடகத்தில் காவிரியின் ஒரு பகுதியை பெங்களூர் தூண்டில் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் அரசிடம் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களையே காவலுக்கு வைத்தார்கள். (ஆற்றை அவர்களைவிட யாருக்குத் தெரியும்?) கேழ்வரகு உருண்டையைக் கவ்வி வரும் மகசீர் மீனை எடை பார்த்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அப்போதைய விதி. அதே ஆற்றில் இருந்த கலிபோர் என்ற தூண்டில் முகாமின் பதிவேடுதான் பின்னால் குட்டை உடைத்தது. 1998 முதல் 2012 வரை சிக்கிய மீன்களின் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகிவிட்டது. பெருகியது, நல்லெண்ணத்தில் கொண்டுவந்து விட்ட வெளியூர் நீலத்துடுப்பு மகசீர். காவல் சரி, எந்தக் குஞ்சை விடுவது என்று மீனியல் படித்தவர்களையும் கேட்டிருக்கலாம்.