ரோலர் கோஸ்டரின் உயரத்தைப் பார்க்காதீர்கள், நடைமேடையைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் அரக்கோணம் பழனிப்பேட்டையில் இருக்கிறோம். பெரியவன் பத்தாவது பரீட்சை எழுதி முடித்ததிலிருந்து ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சின்னவள் நான்காம் வகுப்பு. அத்தையோ, ராட்டினம் அறுந்து விழுந்த வீடியோவை போனில் பார்த்ததிலிருந்து வேண்டவே வேண்டாம் என்கிறார். எந்தப் பூங்காவுக்குப் போவது? எதை வைத்து ஒன்றை நல்லது, இன்னொன்றை மோசம் என்று சொல்வது?

பதில்: உங்கள் பையனுக்கு எது உயரம் என்று தெரிய வேண்டும். உங்கள் அத்தைக்கு எது விழாது என்று தெரிய வேண்டும். இரண்டு பேருடைய கேள்விக்கும் விளம்பரப் பலகையில் பதில் இருக்காது. ஆட்கள் ஏறி இறங்கும் நடைமேடையில் இருக்கும். வரிசையில் நிற்கும்போது பத்து நிமிடம் அதைக் கவனித்துப் பாருங்கள். பிறகு ஏறுவதா, திரும்புவதா என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

இதை வேறு ஊர்க்காரர்களுக்குச் சொல்வதைவிட உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது. ரோலர் கோஸ்டர் ரயில் பாதையில் பிறந்த விளையாட்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மலையிலிருந்து நிலக்கரி இறக்கப் போட்டிருந்த தண்டவாளத்தில், 19ஆம் நூற்றாண்டில் மக்கள் காசு கொடுத்து உருண்டு இறங்கினார்கள். 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் அதையே கேளிக்கைக்கென்று தனியாகக் கட்டினார். கட்டணம் ஐந்து சென்ட், வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர்தான். நம் ஊர் சைக்கிள் அதைவிட வேகமாகப் போகும்.

ரயில்வேயிலிருந்து வந்ததில் முக்கியமானது தண்டவாளம் அல்ல, பிளாக் முறை. அரக்கோணத்தில் வீட்டுக்கு ஒருவராவது ரயில்வேயில் இருப்பார், அவரைக் கேளுங்கள்: ஒரு பிளாக்கில் ஒரு வண்டிதான் இருக்கலாம், முன்னால் போன வண்டி பிளாக்கைக் கடக்காமல் பின்னால் வரும் வண்டிக்கு சிக்னல் விழாது. பெரிய ரோலர் கோஸ்டரும் இப்படித்தான் ஓடுகிறது. பாதையைப் பல பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் வண்டியை நிறுத்தும் வசதி வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் பிரேக், இன்னோரிடத்தில் மேலே இழுக்கும் சங்கிலியே நின்றுவிடும். வண்டி கடந்ததை சென்சார் சொன்னால்தான் அடுத்த வண்டியைக் கணினி விடும்.

கணினி நிறுத்தியதை மனிதன் மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் நடந்ததைப் பாருங்கள். 2015 ஜூன் 2ஆம் தேதி, ‘ஸ்மைலர்’ என்ற கோஸ்டரில் ஆளில்லாமல் சோதனைக்கு விட்ட வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. கூடுதலாக ஒரு வண்டி பாதையில் விடப்பட்டிருப்பது பழுது பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர்களுக்குத் தெரியவில்லை. முன்னால் வண்டி இருக்கிறது என்று கணினி நிறுத்தியதைத் தவறான எச்சரிக்கை என்று எண்ணி, அதை மீறி ஆட்கள் நிறைந்த வண்டியை அனுப்பினார்கள். அதிலிருந்த 16 பேரும் காயமடைந்தார்கள், இரண்டு பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. வண்டியில் கோளாறு இல்லை, தண்டவாளத்தில் கோளாறு இல்லை. இயக்கிய விதத்தில்தான் கோளாறு.

ஆகவே, மேலே ஏறும் வழியில் வண்டி சட்டென்று நின்றால் பதறாதீர்கள். பெரும்பாலும் அது பாதுகாப்பு அமைப்பு தன் வேலையைச் செய்வது. அதற்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் பூங்காவின் தரம். 2025 மே மாதம் ஈசிஆரில் உள்ள விஜிபி யுனிவர்சல் கிங்டமில் ‘டாப் கன்’ என்ற சவாரி (அது கோஸ்டர் அல்ல, வேறு வகை) அந்தரத்தில் நின்றுபோய், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறை ராட்சத ஏணி வண்டி கொண்டுவந்துதான் அவர்களை இறக்கியது. எனவே கோஸ்டரைப் பார்க்கும்போது ஏற்றப் பாதையின் ஓரமாகக் கைப்பிடியோடு படிக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும் வண்டியிலிருந்து ஆட்களை ஊழியர்களே நடத்தி இறக்குவதற்கு உள்ள வழி அது. உயரத்துக்குப் போகும் மற்ற சவாரிகளில், “நடுவில் நின்றால் எப்படி இறக்குவீர்கள்?” என்று ஆபரேட்டரிடமே கேட்டுவிடுங்கள். பயிற்சி பெற்றவர் யோசிக்காமல் பதில் சொல்வார். சிரித்து மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

இப்போது நடைமேடை. ஆட்கள் உட்கார்ந்ததும் மடியில் இறங்கும் கம்பியையோ தோளுக்கு மேல் இறங்கும் காப்பையோ ஊழியர் கையால் இழுத்துப் பார்க்கிறாரா? ஒவ்வோர் இருக்கையையும் பார்க்கிறாரா, இல்லை வரிசைக்கு ஒன்றைத் தட்டிவிட்டுப் போகிறாரா? இரண்டு பக்கமும் பார்த்து முடித்தவர்கள் கை தூக்கிக் காட்டிய பிறகுதான் பட்டன் அமுக்குகிறார்களா? நல்ல கோஸ்டர்களில் ஒருவர் மட்டும் பட்டனைத் தொட்டு வண்டியை விட முடியாது. நடைமேடையிலிருந்து இன்னொருவரும் அமுக்கியிருந்தால்தான் கிளம்பும். ஊழியர் செல்போன் பார்த்துக்கொண்டே பெல்ட் மாட்டும் இடத்தில், உலகத்தின் சிறந்த கம்பெனி செய்த வண்டியாக இருந்தாலும் நான் ஏற மாட்டேன்.

அங்கேயே கைக்கடிகாரத்தையும் பாருங்கள். ஒரு வண்டி கிளம்பி அடுத்தது கிளம்ப எவ்வளவு நேரமாகிறது? 20 பேர் உட்காரும் வண்டி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 600 பேர். ஒரே வண்டியை வைத்துக்கொண்டு நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை விட்டால் 300 பேர். உங்களுக்கு முன்னால் 200 பேர் நின்றால் முதல் கணக்கில் 20 நிமிடம், இரண்டாவதில் 40 நிமிடம். இரண்டு பூங்காக்களை ஒப்பிட இந்தக் கணக்கு போதும். எத்தனை சவாரி இருக்கிறது என்று பலகையில் போட்டிருப்பதைவிட, மாலைக்குள் எத்தனையில் ஏற முடியும் என்பதுதான் நுழைவுச் சீட்டின் மதிப்பு. ஆனால் வேகத்துக்காகச் சோதனையைக் குறைக்கும் இடமும் உண்டு. வேகமாக அனுப்பி, அதே சமயம் ஒவ்வோர் இருக்கையையும் இழுத்துப் பார்த்தால், அங்கே நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பையனுக்குச் சொல்ல ஒரு கணக்கு. சங்கிலி மேலே இழுத்துவிட்ட பிறகு வண்டிக்கு எஞ்சின் கிடையாது, புவியீர்ப்புதான். 30 மீட்டர் இறக்கம் என்றால், உராய்வே இல்லாவிட்டாலும் மணிக்கு 87 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. 40 மீட்டர் என்றால் ஏறத்தாழ 100. இதைவிட அதிக வேகம் என்று விளம்பரம் சொன்னால், நடுவில் மோட்டார் தள்ளிவிடும் வகையா என்று கேட்கச் சொல்லுங்கள். தலைகீழாகச் சுற்றும்போது வண்டி கழன்று விழாதா என்று அத்தை கேட்டால், சக்கரங்களைக் காட்டுங்கள். ஒன்று தண்டவாளத்தின் மேலே, ஒன்று பக்கவாட்டில், ஒன்று அடியில் என்று மூன்று பக்கமும் பிடித்திருக்கும்.

இனி பூங்காக்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்தது. அங்கே உள்ள ‘தஞ்சோரா’, சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனம் செய்த இன்வெர்டெட் வகை. தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், கால் அந்தரத்தில் தொங்கும். இந்த நிறுவனத்தின் இன்வெர்டெட் கோஸ்டர் இந்தியாவுக்கு வருவது இதுவே முதல்முறை. மகாராஷ்டிராவில் கோபோலி அருகே இமேஜிகா பூங்காவில் 2013இலிருந்து ஓடும் ‘நைட்ரோ’வும் இவர்கள் செய்ததுதான். பையனின் ஆசை கோஸ்டர் மட்டும்தான் என்றால் திருப்போரூருக்கே போங்கள், வேறு யோசனை வேண்டாம்.

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் உள்ள குயின்ஸ்லேண்ட் உங்களுக்கு வழியில் வரும், வேலூர், ஆம்பூர்க்காரர்களுக்கும் அதுதான் வசதி. 2019 ஜூனில் அங்கே ‘ஃப்ரீ ஃபால் டவர்’ கம்பி அறுந்து, உட்கார்ந்திருந்தவர்களோடு கீழே மோதிய வீடியோ பரவியது. பெரிய காயம் யாருக்கும் இல்லை. அத்தை பார்த்தது அதுவாகவும் இருக்கலாம். பழைய சம்பவத்தை வைத்து ஒரு பூங்காவை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் கம்பியில் தொங்கும் எந்தச் சவாரியிலும், எந்தப் பூங்காவிலும், ஏறுவதற்கு முன் இரண்டு மூன்று சுற்று நின்று பார்க்கலாம்.

காலையில் ஆட்களை ஏற்றும் முன் வெறும் வண்டியைச் சில சுற்று ஓட்டிப் பார்ப்பது வழக்கம். திறக்கும் நேரத்துக்கே போனால் கண்ணில் படும். வெறும் வண்டி என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவில் புதிய சவாரி ஒன்றைச் சோதித்தபோது அதில் ஊழியர்களே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். மணல் மூட்டை வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. சம்பளத்துக்கு வந்த பிள்ளைகளை வைத்துச் செய்தார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வருடம் முழுக்க ஏறுவது பூங்காவில் அல்ல. திருத்தணி ஆடிக்கிருத்திகையிலும், வேலூர்ப் பொருட்காட்சியிலும், ஊர்த் திருவிழாவிலும் வந்து நிற்கும் ஜெயின்ட் வீல், கொலம்பஸ், டிராகன் ரயில், பிரேக் டான்ஸ் இவற்றில்தான். என் பயம் அங்கேதான் அதிகம். பூங்காவில் இயந்திரம் ஒரே இடத்தில் கான்கிரீட்டில் நிற்கிறது. இங்கே வாரத்துக்கு ஓர் ஊரில் கழற்றி, லாரியில் ஏற்றி, இறக்கி, இரவோடு இரவாக மாட்டுகிறார்கள். 2022 செப்டம்பரில் மொஹாலியில் பொருட்காட்சிக் கோபுரச் சவாரி ஒன்று ஆட்களோடு மேலிருந்து விழுந்ததும் இப்படிப்பட்ட மைதானத்தில்தான். ஏறும் முன் அடியைப் பாருங்கள். கால்களுக்குக் கீழே கட்டை அடுக்கியிருந்தால், மழை பெய்த மண்ணில் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா? இணைப்புகளில் பின் போட்டிருக்கும் இடத்தில் அது கழலாமல் கிளிப் இருக்கிறதா, இல்லை கட்டுக்கம்பியைச் சுற்றியிருக்கிறார்களா? ஜெயின்ட் வீலில் ஒரு பக்கத்துத் தொட்டிலை மட்டும் நிரப்பாமல் எதிரெதிராக ஆட்களை ஏற்றுகிறார்களா? கட்டுக்கம்பி கண்ணில் பட்டால் பிள்ளைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எதற்குச் செய்த இயந்திரமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பதை உங்கள் வட்டாரத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 ஜனவரி 22 இரவு நெமிலி அருகே கீழ்வீதி மண்டியம்மன் கோயில் மயிலேறு விழாவில் ஆட்களை ஏற்றியிருந்த கிரேன் சாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். கிரேன் சுமை தூக்கும் இயந்திரம், ஆள் தூக்கும் இயந்திரம் அல்ல. விழாக் கமிட்டியில் உங்கள் வீட்டு ஆண்கள் யாராவது இருந்தால், ராட்டினக்காரரிடம் தரை வாடகை பேசும்போதே பொறியாளர் சான்றிதழையும் கேட்கச் சொல்லுங்கள். கேளிக்கைச் சவாரிகளுக்கென்றே ஐ.எஸ். 15475 என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டாலே பேச்சு மாறும்.

போகும் நாளுக்கு வருவோம். சனி, ஞாயிறும் காணும் பொங்கலும் வேண்டாம். பெரிய கோஸ்டரைக் காலையில் முதல் வேலையாக முடித்துவிடுங்கள், பிறகு சாப்பாடு, அதன் பிறகு தண்ணீர் விளையாட்டு. பிரியாணி தின்றுவிட்டுத் தலைகீழாகச் சுற்றினால் ஆம்பூர் பிரியாணிக்கே அவப்பெயர். துப்பட்டா வேண்டாம், சின்னவளுக்கு ஒற்றைப் பின்னல் போட்டுச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். கால் தொங்கும் கோஸ்டருக்குச் செருப்பு ஆகாது, பின்பட்டை உள்ள ஷூ போடுங்கள். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கும் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை.

உயர அளவுகோலில் சின்னவள் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் கெஞ்சாதீர்கள், கொண்டையைத் தூக்கிக் கட்டியும் பார்க்காதீர்கள். காப்புக் கம்பி அந்த உடம்பைப் பிடிக்குமா என்பதற்கான அளவு அது. இதய நோய், கழுத்து, முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறவே கூடாது. அத்தை கீழே உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், நுழைவுச் சீட்டில் முதியவர்களுக்குச் சலுகை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பையன் முதல் தடவை நடுவரிசையில் உட்காரட்டும். பிடித்துப்போனால் அடுத்து முன்வரிசை, காற்றும் காட்சியும் அங்கே. வயிற்றைப் பிசையும் இறக்கம் வேண்டுமென்றால் கடைசி வரிசை. முன்பெட்டிகள் உச்சியைத் தாண்டி இறங்கும் வேகத்தில் கடைசிப் பெட்டியை இழுத்துப் போடும்.

திருப்போரூருக்கு சென்னை சென்ட்ரல் போய்ச் சுற்ற வேண்டாம். காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து பேருந்தில் போங்கள். அந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, திரும்பும் ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.