மஸ்டாங் ஏன் அலையுது?

"காஸ்டர் ஆங்கிள் என்றால் என்ன?" ஆட்டோமொபைல் பேப்பரில் இது இரண்டு மார்க் கேள்வி. பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு செங்குத்துக் கோட்டிலிருந்து சாய்ந்திருக்கும் கோணம். எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்துட்டோம். அந்தக் கோணம் ஒரு டிகிரி குறைஞ்சா ரோட்டில் என்ன நடக்கும்னு கேட்டா பாதிப் பேர் முழிப்போம். நானும் முழிச்சவன்தான்.

அதைப் புரிஞ்சுக்க நல்ல வண்டி ஒண்ணு இருக்கு: 1965, 66 மாடல் ஃபோர்டு மஸ்டாங். இப்போ வர்ற கார்களில் ராக் அண்ட் பினியன், அதுக்கு மேல எலக்ட்ரிக் மோட்டார். எந்தக் குறை எங்கிருந்து வருதுன்னு கண்ணுக்குத் தெரியாது. மஸ்டாங்கில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியா வெளியே தெரியும். (இது மசில் கார் இல்லை, போனி கார் என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. 289 கன அங்குல வி8 எஞ்சின் போட்ட வண்டி. எனக்கு அது போதும்.)

புகார் வழக்கமா ஒரே மாதிரி இருக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் நேர் ரோட்டில் போகும்போது வண்டி படகு மாதிரி அலையுது. ஸ்டீயரிங்கை இடது, வலது என்று திருத்திக்கிட்டே இருக்கணும். உடனே பலரும் செய்யும் வேலை, ஸ்டீயரிங் பாக்ஸ் மேல இருக்கும் ஸ்க்ரூவை முறுக்குவது. பானெட்டைத் திறந்தா கைக்கு எட்டுற இடத்தில் இருக்கு, முறுக்கினா ஆட்டம் குறைஞ்ச மாதிரியும் இருக்கும். ஆனா முதலில் செய்யவே கூடாத வேலை அதுதான்.

முதலில் வண்டியின் அமைப்பு. 1964 ஏப்ரலில் அறிமுகமான மஸ்டாங், ஃபோர்டின் ஃபால்கன் காரை அடிப்படையா வச்சு உருவானது. ஸ்டீயரிங் வீலைத் திருப்பினா பாக்ஸுக்குள் இருக்கும் ரீசர்குலேட்டிங் பால் கியர் திரும்பும். அதிலிருந்து பிட்மன் ஆர்ம், அதிலிருந்து குறுக்கே போகும் சென்டர் லிங்க். லிங்கின் மறுமுனையைத் தாங்க ஐட்லர் ஆர்ம். லிங்கிலிருந்து இரு பக்கமும் டை ராட், கடைசியில் சக்கரம். எண்ணிப் பாருங்க, கைக்கும் டயருக்கும் நடுவில் எத்தனை மூட்டு! ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தாலும் கூட்டினா நிறைய.

ஜாக்கியை எடுக்கும் முன் ஓட்டுபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: அலையுதா, இழுக்குதா, ஆட்டமா? மூணும் வேற. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பியும் வண்டி பதில் சொல்லலைன்னா அது ஆட்டம், மூட்டுகளில் தேய்மானம். எப்போதும் ஒரே பக்கம் போனா இழுப்பு. மூட்டெல்லாம் இறுக்கமா இருந்தும் நேரா நிக்காம ரெண்டு பக்கமும் நழுவினா அதுதான் அலைச்சல், பெரும்பாலும் கோணத்தில் கோளாறு.

அடுத்து டயர் காற்று. சிரிக்காதீங்க. எங்க காலேஜ் பந்தய வண்டி ஒரு பக்கமா இழுத்தப்போ ரெண்டு நாள் டை ராடைக் கழட்டி மாட்டினோம். கடைசியில் ஒரு முன் டயரில் மட்டும் காற்று குறைவு. இழுப்பு இருந்தா முன் டயர் ரெண்டையும் இடம் மாத்திப் பாருங்க. இழுக்கும் திசையும் மாறினா டயர்தான் குற்றவாளி.

மூட்டுகளைச் சோதிக்க வண்டி தரையில் நிக்கணும், எடை சக்கரத்தில் இருக்கணும். எஞ்சினை நிறுத்திட்டு, ஒரு நண்பர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமா இப்படி அப்படி ஆட்டணும். நீங்க ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டுப் பாருங்க. மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையலைன்னா அதுதான் இடம். ஐட்லர் ஆர்ம் மேலும் கீழும் ஆடுதான்னு தனியா பாருங்க. பாக்ஸை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் பாருங்க. பாக்ஸே நகருதுன்னா உள்ளே இருக்கும் கியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பால் ஜாயின்ட் சோதனையில்தான் நிறைய பேர் ஏமாறுவாங்க. 1967 கமாரோ மாதிரி வண்டிகளில் காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல உக்காந்திருக்கும். அதில் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்தா, சுமை தாங்கும் பால் ஜாயின்ட் தளர்ந்து ஆட்டம் தெரியும். மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் ஆர்ம் மேல இருக்கு. சுமை மேல் பால் ஜாயின்ட்டில். இங்கேயும் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்தா ஸ்பிரிங்கின் அழுத்தம் அந்த ஜாயின்ட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கும். செத்துப்போன ஜாயின்ட்கூட 'நல்லா இருக்கேன்'னு பொய் சொல்லும். சரியான முறை: வண்டி தரையில் நிக்கும்போதே மேல் ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் நடுவே கட்டையைச் செருகணும், பிறகு ஃபிரேமில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்ட் வைக்கணும். இப்போ சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா நண்பரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலைன்னா பால் ஜாயின்ட்.

பிரேக் போடும்போது மட்டும் வண்டி திசை மாறினா, பிரேக்கைப் பார்க்கும்போதே ஸ்ட்ரட் ராடின் ரப்பர் புஷ்ஷையும் பாருங்க. இந்த வண்டியின் கீழ் ஆர்ம் ஒல்லியானது, ஒரே ஒரு இடத்தில்தான் பாடியோடு மாட்டியிருக்கும். அது முன்னும் பின்னும் போகாம பிடிப்பது அந்த ஸ்ட்ரட் ராட் ஒண்ணுதான். ரப்பர் மக்கிப்போனா பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னால் நகரும், காஸ்டரும் மாறும்.

இப்போ அந்த இரண்டு மார்க் கேள்விக்கு வருவோம். காஸ்டர் இருந்தா ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். அந்த இடைவெளிதான் டிரெயில். தள்ளுவண்டிச் சக்கரம் தானாகவே பின்னால் திரும்பி நிக்குமே, அதே விஷயம். டயர் ஆரம் 300 மி.மீ. என்று வையுங்க. ஆரத்தை டேன் தீட்டாவால் பெருக்கினா டிரெயில். அரை டிகிரிக்கு 2.6 மி.மீ. மூணு டிகிரிக்கு 15.7 மி.மீ. சக்கரத்தை நேராக்கும் விசை எவ்வளவு வித்தியாசப்படும்னு இதிலேயே தெரியுது.

அந்தக் காலத்தில் பயாஸ் பிளை டயர். பவர் ஸ்டீயரிங் எல்லா வண்டியிலும் கிடையாது. பார்க்கிங்கில் கை வலிக்கக்கூடாதுன்னு காஸ்டரைக் குறைவா வச்சாங்க. இன்னைக்கு அதே வண்டியில் ரேடியல் டயர் மாட்டிட்டு, பழைய புத்தகத்தில் இருக்கும் அளவையே அலைன்மென்ட் கடையில் கொடுத்தா வண்டி அலையத்தான் செய்யும். ரேடியலுக்கு இரண்டு முதல் மூணு டிகிரி பாசிட்டிவ் காஸ்டர், இரு பக்கமும் சமமா வைப்பது இப்போ வழக்கம். 1966 வரை மேல் ஆர்ம் அச்சுக்குப் பின்னால் ஷிம் வச்சுத்தான் இதை மாத்தணும். 1967-லிருந்து ஸ்ட்ரட் ராட் நீளத்தை மாத்தினா போதும். டோ-இன் 3 மி.மீ. அளவில் இருக்கட்டும். டோ-அவுட்டா இருந்தா சின்ன அசைவுக்கே வண்டி பாயும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு அடுத்து வருது. ஸ்டைலுக்காகப் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துவாங்க இல்லையா? மஸ்டாங்கின் வீல்பேஸ் 108 அங்குலம். பின்னால் 2 அங்குலம் தூக்கினா பாடி முழுக்க ஒரு டிகிரி முன்னால் சாயும். ஸ்டீயரிங் அச்சும் கூடவே சாயும். அதாவது காஸ்டரில் ஒரு டிகிரி போச்சு! முன்பக்கத்தில் ஒரு நட்டைக்கூடத் தொடலை. அதனால உயரத்தை முடிவு பண்ணின பிறகுதான் அலைன்மென்ட்.

பின்பக்கத்தை மறக்காதீங்க. லாரியில் பார்ப்போமே, அதே மாதிரி லீஃப் ஸ்பிரிங்தான் அச்சைப் பிடிச்சிருக்கு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கம், விடும்போது மறுபக்கம் வண்டி நகர்ந்தா, ஸ்பிரிங்கின் முன் புஷ்ஷும் யூ-போல்ட்டும்தான் சந்தேகக் கேஸ்.

இதெல்லாம் முடிஞ்சும் ஆட்டம் இருந்தால் மட்டும் ஸ்டீயரிங் பாக்ஸ். வண்டி பெரும்பாலும் நேராத்தான் ஓடுது என்பதால் கியர் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவில் இருக்கும் ஆட்டத்தைப் போக்க முறுக்கினா, தேயாத ஓரங்களில் கியர் பிடிக்கும். வளைவில் திருப்பின ஸ்டீயரிங் தானா திரும்பி வராது. நீங்களே இழுத்துத் திருத்தணும், திருத்தினா அந்தப் பக்கம் கூடிப்போகும். அலைச்சலைக் குறைக்கப் போய் புது அலைச்சல். பிட்மன் ஆர்மிலிருந்து லிங்கைக் கழட்டிட்டு, பாக்ஸை நடுவில் வச்சு, ஸ்க்ரூ இருக்கும் நிலையைப் பெயின்ட்டால் குறிச்சுக்கிட்டுக் கொஞ்சமா முறுக்குங்க. பிறகு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பாருங்க. எங்கேயாவது பிடிச்சா குறிச்ச இடத்துக்கே ஸ்க்ரூவைக் கொண்டுவாங்க. அந்தப் பாக்ஸைப் பிரிச்சு உள்ளே பார்க்கும் நேரம் வந்தாச்சு.